எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்

ஆலோசனை ஆசிரியை என்று எனக்குப் பெயர். ஆனால் ஆலோசனை சொல்லக்கூடாது. இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்களுக்குப் பயிற்சி நடத்திய யாழ்ப்பாணத்து அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, "நீங்கள் ஒண்டும் சொல்லப்படாது பிள்ளை. அவையளைக் கதைக்க விடுங்கோ. முடிவு அவையின்ரதான்" என்றார். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு டிப்ளோமாவா என்று மனதுக்குள் பொருமினேன். நான் பொகவந்தலாவையில் பிறந்தவள். இந்த மலையில் நின்று அந்த மலைக்குக் கூப்பிட்டுப் பேசிய பரம்பரை. கோபமும் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆனாலும் படித்தேன், பாஸாகிவிட்டேன், சான்றிதழுக்கு ஃபிரேமும் போட்டேன்.

நான் படிப்பிப்பது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் குழு ஆலோசனை நடத்தலாம் என்று முடிவானது. மாணவர்களுக்கு ஒரு குழு, பெற்றோருக்கு ஒரு குழு, வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரியவர்களுக்கு ஒரு குழு. இடம், பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அங்கே இருந்ததெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். மனச்சுமையை இறக்கி வைக்க வந்தவர்கள் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினார்கள்.

முதல் நாள் நான் விதிமுறை சொன்னேன். "இங்க பேசுறது எதுவும் வெளிய போகக்கூடாது. ரகசியமா இருக்கணும்." கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு குபீரென்று சிரித்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், வெளியதான் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே. இங்கதான் யாருக்கும் ஒன்னும் தெரியாது" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் நூறு வயது என்பார்கள். சண்டை, அழுகை, குறட்டை, கடவுளிடம் வைக்கும் வேண்டுதல் எல்லாமே பொது. அப்படி இருக்கும் இடத்தில் மனிதர் மானத்தோடு வாழ வேண்டுமென்றால் ஒரு நாகரிகம் வேண்டாமா? அந்த நாகரிகத்துக்குப் பெயர் 'காதுல விழல'. ராத்திரி பக்கத்து வீட்டில் சட்டி உடைந்தது காலையில் குழாயடியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் கேட்டாலும், "அப்புடியா? எங்க காதுல விழலயே" என்பார்கள். என் வட்டத்திலும் அதே நாகரிகத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். "வீட்ல எல்லாரும் எப்புடி இருக்காங்க?" என்று கேட்பேன். "நல்லா இருக்கோம் டீச்சர்" என்று ஒருவர் சொல்ல, முந்தின நாள் நடந்ததையெல்லாம் வரி விடாமல் கேட்டவர்கள், "ஆமா, நல்லா இருக்காங்க" என்று சாட்சி சொல்வார்கள். அந்தத் தோட்டத்திலேயே யாருக்கும் எந்தக் கவலையும் இல்லாத ஒரே இடம் என்னுடைய குழு ஆலோசனைதான்.

மூன்று குழுவும் மூன்று நேரம் என்பது என் திட்டம். மழைக்கு அது தெரியாதே. பிள்ளைகள் குடை கொண்டுவந்த தாய்மாரோடு நின்றுவிடுவார்கள். தாய்மார் கைத்தாங்கலாக அழைத்து வந்த பெரியவர்களுக்காகக் காத்திருப்பார்கள். பெரியவர்களோ, பால் விடாத பிளேன்டீ உண்டு என்று கேள்விப்பட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போதும் போதும் என்றாகிவிட்டது. சரி, எல்லாரும் ஒரே வட்டமாக உட்காருங்கள் என்றுவிட்டேன். அந்த யாழ்ப்பாணத்து அம்மையார் பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியே வைத்திருப்பார்.

அப்படிக் கலந்த வட்டத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இந்த ஆண்டு பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய ஒரு மாணவி, கொழுந்தெடுக்கும் அவளுடைய அம்மா, அந்த அம்மாவின் அப்பா. பெயர் சொல்ல மாட்டேன். இதை எழுதப் போகிறேன் என்றபோது அந்த அம்மா, "எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் போடாதீங்க. போடாட்டியும் இங்க எல்லாருக்கும் தெரியும், அது வேற விசயம்" என்றார்.

பெரியவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலை பெக்டரியில் கொழுந்தை அரைக்கும் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் ஆயுள் முழுவதும் நின்றவர். கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி மப்ளர், சவரம் செய்த முகம். வந்து உட்கார்ந்தால் அசையமாட்டார். யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இடையில் ஒரு வார்த்தை பேசாமல், மெல்லத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அது போதுமே! பேசுகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தே பேசத் தொடங்கினார்கள். ஒருநாள் நானே அவரைக் காட்டி, "பாருங்க, மத்தவங்க பேசுறத இப்புடித்தான் கேக்கணும்" என்று வகுப்பெடுத்தேன். அதற்கும் அவர் தலையாட்டினார். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது, டிப்ளோமா இல்லாமல் இவ்வளவு செய்கிறாரே மனிதர் என்று.

அவருடைய மகளுக்கு மட்டும் அந்தத் தலையாட்டலைக் கண்டால் ஆகாது. ஒருநாள் எல்லாரும் போன பிறகு கோப்பை கழுவ நின்றவர், குனிந்த தலை நிமிராமல் என்னிடம் பேசினார்.

"டீச்சர், நான் வெளிநாட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். குவைத்துக்கு. வீட்டு வேலைக்குத்தான். பாஸ்போட் வந்துருச்சு. மெடிக்கலும் பாஸு. விசா வந்தவொடன போக வேண்டியதுதான்."

அவருடைய வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தலைகாட்டுவார். இவரும் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது பெரியவரும் அந்தப் பிள்ளையும். சமையல், தண்ணீர், தாத்தா எல்லாம் அந்தப் பிள்ளை தலையில் விழும். பிறகு அவள் எங்கே பரீட்சை எழுதுவது? அப்படிப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளைகளின் மேசைகள் என் வகுப்பிலேயே இருக்கின்றன.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவருகிட்ட போன்ல கேட்டேன். ஒன் இஷ்டம்னாரு. மககிட்ட கேட்டேன். ஒங்க இஷ்டம்மான்னா. எங்கப்பாகிட்ட கேட்டேன்." கழுவிய கோப்பையையே மறுபடி தேய்த்தார். "போகவாப்பான்னு கேட்டேன் டீச்சர். போன்னு தலையாட்டிட்டு, ரொட்டியப் பிச்சுத் திங்கிறாரு. எங்கம்மா செத்ததுல இருந்து நான்தான் பாக்குறேன். இப்ப ரெண்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசுறதே இல்ல. என்ன கேட்டாலும் ஒரு தலையாட்டு. நான் தொலஞ்சாப் போதும்னு இருக்காரு போல."

பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்றார்.

என் நாக்கு நுனியில் பதில் துடித்துக்கொண்டு நின்றது. ஆனால் படித்த படிப்பு விடுமா? "அது உங்க முடிவு. நீங்க என்ன நெனக்கிறீங்களோ அதுதான்" என்று அழகாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று போனார். அந்த 'சரிங்க' அன்று முழுவதும் என் காதிலேயே கேட்டது.

முடிவுதான் சொல்லக்கூடாது, அப்பனையும் மகளையும் பேச வைக்கலாமே என்று நினைத்தேன். என் பையில் இருந்தது ஒரு விளையாட்டு. ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஒரு வாக்கியத்தை ரகசியமாகச் சொல்ல வேண்டும். அவர் அடுத்தவர் காதில். வட்டம் சுற்றிக் கடைசியில் இருப்பவர் கேட்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேச்சு எப்படித் திரிகிறது என்று காட்டுவதற்காகப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது.

முதல் தடவை நான் ஆரம்பித்து வைத்தது, "மனசு கஷ்டமா இருந்தா பேசணும்." வட்டம் சுற்றிக் கடைசியில் ஒரு மாணவன் எழுந்து, "கோழி முட்டைய காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்றான். பிள்ளைக் காம்பராவே அதிர்ந்தது. விசாரித்தால், பெரியவர் வரைக்கும் வாக்கியம் பத்திரமாக வந்திருக்கிறது. அவருக்கு அந்தப் பக்கம் கோழி முட்டை. அடுத்த வாரம் நான் கொடுத்தது, "நாளைக்கு ஹட்டன் பஸ் வராது." வெளியே வந்தது, "பூண்டுலோயா மாப்பிள்ளைக்கு மீசை இல்ல." இந்த முறையும் கைவரிசை பெரியவருடையதுதான். அதன் பிறகு ஊரே இந்த விளையாட்டுக்காக வர ஆரம்பித்தது. அவருக்கு அடுத்த நாற்காலிக்குப் போட்டி. தாத்தா இன்றைக்கு என்ன விடப் போகிறார் என்று பிள்ளைகள் வழியிலேயே பந்தயம் கட்டினார்கள்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "என்னாங்க ஐயா, நான் மெனக்கெட்டு ஒன்னு சொன்னா நீங்க வேணும்னே வேற ஒன்னு சொல்றீங்களே?" என்று எகிறினேன். அவர் என் வாயைக் கூர்ந்து பார்த்தார். பிறகு கள்ளச் சிரிப்பு ஒன்று சிரித்து, "சும்மா சொன்னா சிரிப்பாங்களா டீச்சர்?" என்றார். சபை கை தட்டியது. நான் தோற்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவருடைய மகளின் முகம் சரியில்லை. விசா வந்துவிட்டதாம். ஏஜென்ட் வியாழக்கிழமை வேன் அனுப்புகிறானாம். பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். யார் காதிலும் விழவில்லை. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றேன். "நல்லா இருக்கோம் டீச்சர்" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சின்ன நாற்காலிகளைத் தூக்கி மழையில் போட்டிருப்பேன்.

வேண்டுமென்றே மகளைப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "இன்னைக்கு நீங்க ஆரம்பிங்க. நான் சொல்லித் தரல. ஒங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்றேன். பெரியவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். மகள் குனிந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னார். பெரியவர் வழக்கம் போலத் தலையாட்டினார். கண்ணில் குறும்பு மின்ன அடுத்தவர் பக்கம் திரும்பினார். ரகசியம் சிரித்துச் சிரித்து வட்டம் சுற்றி, கடைசியில் பேத்தியின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"தொரை வீட்டு நாய்க்கு இன்னைக்குக் கலியாணம்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகள் எழுந்தார். சிவப்பு நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"நான் கேட்டது அதாப்பா?" என்றார். குரல் உடைந்து சிதறியது. "வியாழக்கெழம போறேன், ஒரு வார்த்த சொல்லுங்கன்னுதான கேட்டேன்? அதையுமா கூத்தடிப்பீங்க?"

மகள் அவருக்குப் பக்கவாட்டில் நின்றார். பெரியவர் எதிரே சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டே இருந்தார். எதிரே சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவருடைய சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்று, பிறகு குழம்பியது. எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று தேடித் திரும்பினார். அப்போதுதான் அழுதுகொண்டிருந்த மகளைக் கண்டார்.

"என்னாம்மா? என்ன ஆச்சு?"

என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. "முன்னால வந்து நில்லுங்க" என்று மகளை இழுத்து அவருக்கு எதிரே நிறுத்தினேன். "மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. மெதுவா."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான், வியாழக்கெழம, போறேன்ப்பா."

பெரியவர் அந்த உதடுகளையே பார்த்தார். "எங்க போற?" என்றார்.

ஐயையோ, அந்த ஒரு கேள்விக்குச் சுற்றி இருந்தவர்கள் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்கள்.

"குவைத்துக்குப்பா! ஒங்ககிட்டதான கேட்டேன்? அடுப்படியில வச்சுக் கேட்டேனே? போன்னு தலையாட்டினீங்களே!"

"நான் எப்பம்மா போகச் சொன்னேன்?" என்றார். "நான் எல்லாத்துக்குந்தான தலையாட்டுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னு ரொட்டி தட்டிக்கிட்டு இருந்த. உப்பு போதுமான்னு நீ கேக்குறன்னு நெனச்சேன்."

பிறகு கொட்டிவிட்டார், அத்தனை பேர் முன்னால். காது பெக்டரியிலேயே போய்விட்டதாம். மெஷின் இரைச்சலில் அங்கே எல்லாருமே வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் சமாளித்திருக்கிறார். கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டபோது எல்லார் வாயும் மறைந்துவிட்டது. அப்போது ஆரம்பித்த தலையாட்டல், மாஸ்க் போன பிறகும் நிற்கவில்லை. மகளும் அதற்குள் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியே பேசப் பழகிவிட்டார். செவிடன் என்று தெரிந்தால் மகளுக்கு இன்னொரு பாரம் என்று அவரும் வாய் திறக்கவில்லை. ஊர் முழுக்கக் 'காதுல விழல' என்று சொல்லும் இடத்தில், உண்மையிலேயே காதில் விழாத ஒரு மனிதரை யார் கண்டுபிடிப்பது? நல்லாக் கேட்கிறார் என்று நானே அவரை மாதிரிக்குக் காட்டியிருக்கிறேன்!

"போகாதீங்கம்மா." இது பிள்ளை. நகம் கடிப்பதை விட்டுவிட்டு அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தாள்.

"நீதானடி ஒங்க இஷ்டம்ன?"

"நீங்க ஆசப்படுறீங்கன்னு நெனச்சேன். நான் வேணாம்னா, என்னாலதான் வீடு முன்னுக்கு வரலன்னு ஆயிரும்னு..."

மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "ஒருத்தராவது வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொருத்தரா கேட்டேன். எல்லாரும் என் இஷ்டம், என் இஷ்டம்னா எப்புடி? எனக்கு எங்க இஷ்டம் இருந்துச்சு?" என்றார். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "டீச்சர் கூடச் சொல்லல."

யாழ்ப்பாணத்து அம்மையார் மன்னிக்கட்டும். "போகாதீங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன், அந்த மலைக்குக் கேட்கிற மாதிரி.

அவ்வளவுதான், வட்டம் உடைந்தது. "நானும் வேணாம்னுதான் நெனச்சேன்", "எங்களுக்கும் மனசே இல்ல" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும், "போகலன்னா கஷ்டம் தீந்துருமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தீராது. கஷ்டத்துக்கென்ன, இருக்கத்தான் செய்யும். ஆனா என்னைய யாரும் தொரத்தலன்னு தெரிஞ்சிருச்சுல்ல" என்றார்.

"அப்ப ஏஜென்டுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டேன். மகளின் முகம் மறுபடி வெளிறியது. அவன் பேச்சில் மன்னனாம். எத்தனையோ பேர் மாட்டேன் என்று சொல்லப் போய், சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்களாம். பெரியவர் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொண்டு கையை நீட்டினார்.

"போனக் குடு. நான் பேசுறேன்."

"ஒங்களுக்குத்தான் காது கேக்காதே தாத்தா!" என்றாள் பேத்தி.

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் பெரியவர். "அவன் என்ன சொன்னா எனக்கென்ன?"

பேத்தி எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி அவர் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் 'ஹலோ' கேட்டதும் சைகை காட்டினாள். பெரியவர் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "நான் அவ அப்பன் பேசுறேன். எம் மக வரமாட்டா" என்றார். ஏஜென்ட் பதறினான். "என்னாங்க பெரியவரே, விசா வந்துருச்சே, நல்ல எடம், நல்ல வீடு, இப்ப போயி இப்புடிச் சொன்னா..." எங்கள் எல்லாருக்கும் கணீரென்று கேட்டது. பெரியவருக்கு ஒரு சொல் கேட்கவில்லை. "எம் மக வரமாட்டா" என்றார். அவன் கெஞ்சினான், அதட்டினான், மறுபடி கெஞ்சினான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "வரமாட்டா" என்றார். ஒரு தலையாட்டு கூட இல்லை.

மகள் எழுந்து வந்து அவருக்கு நேர் எதிரே நின்றார். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை. தன் வாய் அவருக்கு நன்றாகத் தெரியும்படி குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, "இன்னொரு தடவ, சொல்லுங்கப்பா" என்றார்.

போனில் ஏஜென்ட் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பெரியவர் போனை மடியில் வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எம் மக எங்கயும் போகமாட்டா."